ஹெட் ஸ்குருவைத் தொடாதீங்க

பழைய போர்வையை நான்காக மடித்து மேசைமேல் விரித்து, அதன்மேல் மெஷினைக் குப்புறக் கவிழ்த்திருந்தார் பாய். ஃபேடர் குமிழ்கள் நசுங்கிவிடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. கழற்றிய ஸ்குருக்களை மிட்டாய் டப்பா மூடியில் வரிசையாக வைத்தார். நீளமானவை ஒரு பக்கம், குட்டையானவை ஒரு பக்கம். "மாத்திப் போட்டா போர்டைக் குத்திடும் சார்" என்றார்.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில், முதல் மாடியில் இருக்கிறது அவருடைய ஒர்க்‌ஷாப். சுவரெல்லாம் டெக், ஸ்பூல் மெஷின், ஆம்ப்ளிஃபையர். நாங்கள் கொண்டுபோனது டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ 424 என்ற நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர். பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவை நடத்திய என் பெரியப்பா, தொண்ணூறுகளில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது வாங்கிவந்தது. அவர் போன பிறகு பரணில் கிடந்தது. ஒலிப்பதிவு படித்துக்கொண்டிருக்கும் அண்ணன் மகள்தான் அதை இறக்கித் துடைத்து, லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் சகிதமாக என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரே ஒரு கேசட்.

அந்தக் கேசட் கெட்டுப்போனது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். டூ-இன்-ஒன்னில் போட்டால் ஒரு பக்கம் இழுத்து இழுத்து முனகும், திருப்பிப் போட்டால் வார்த்தையே புரியாது. பாய் கேட்டதும் சிரித்துவிட்டார். சாதாரண கேசட்டில் 3.81 மில்லிமீட்டர் அகல டேப்பை நான்காகப் பிரித்து, இரண்டு டிராக்கை ஏ பக்கத்துக்கும் இரண்டை பி பக்கத்துக்கும் எதிரெதிர் திசையில் கொடுக்கிறார்கள். இந்த மெஷினோ நான்கையும் ஒரே திசையில் பதிகிறது. வேகமும் இரட்டிப்பு: நொடிக்கு 4.76 சென்டிமீட்டருக்குப் பதிலாக 9.5. அதனால் வீட்டு செட்டில் போட்டால் இரண்டு டிராக் பாதி வேகத்தில் ஓடும், மற்ற இரண்டும் தலைகீழாக வரும். "டேப் நல்லாத்தான் இருக்கும். படிக்கத் தெரிஞ்ச மெஷின்ல போடல, அவ்வளவுதான்."

1979ல் டாஸ்கமின் தாய் நிறுவனமான டியாக் 144 என்ற மாடலைக் கொண்டுவரும்வரை, நான்கு டிராக் வேண்டுமென்றால் ஸ்பூல் மெஷினும் தனி மிக்ஸரும் வாங்க வேண்டும். 144 இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தது. முதலில் ஹார்மோனியம், அதைக் கேட்டுக்கொண்டே தபேலா, அதன்மேல் குரல் என்று ஒரே ஆள் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பாட்டைக் கட்டலாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்ஸியில் தன் வீட்டறையில் 144ல் மாதிரிக்காகப் பாடி வைத்தவைதான் 1982ல் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வந்தன. இசைக்குழுவோடு மறுபடி பதிந்து பார்த்து, திருப்தி வராமல், கேசட்டில் இருந்ததையே வெளியிட்டார்கள். அந்தக் கேசட்டை இசைத்தட்டுக்கு மாற்றுவதற்குள் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பதிவதைவிடப் பதிந்ததைப் பத்திரமாக வெளியே எடுப்பதுதான் கஷ்டம் என்பதை அன்று பாயின் மேசையில் நானும் பார்த்தேன்.

அடித்தட்டு கழன்றதும் தெரிந்தது பெல்ட்டின் கதி. பெல்ட் என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. ஃப்ளைவீல் ஓரத்திலும் மோட்டார் புல்லியிலும் தார் போன்ற கறுப்புப் பிசின் ஒட்டிக்கிடந்தது. வருஷக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் ரப்பர் இப்படி இளகிவிடும். பாய் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்தார். துணி கறுத்ததும் எறிந்துவிட்டு அடுத்த துண்டு. நகக்கண்ணில் ஏறினால் வாரக்கணக்கில் போகாதாம். ஃப்ளைவீல் விளிம்பில் மணல் அளவு பிசின் தங்கினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதறல் விழும் என்பதால், விளக்கைச் சாய்த்துப் பிடித்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

பழைய பெல்ட்டே இல்லாதபோது புதியதற்கு அளவு எப்படி? தையல் நூலை எடுத்து, பெல்ட் போகும் வழியிலேயே ஃப்ளைவீலையும் புல்லியையும் சுற்றி வெட்டினார். ஸ்கேலில் வைத்து அளந்து நூற்றுக்கு ஐந்து கழித்தார். இழுவைக்கு அவ்வளவு போதும். டிராயரிலிருந்து அதே சுற்றளவில் தட்டை பெல்ட் வந்தது. பிஞ்ச் ரோலரும் இறுகிப்போயிருந்ததால், வெளிவட்டம், துளை, உயரம் மூன்றையும் வெர்னியரில் அளந்து பொருத்தமான ஒன்றைத் தேடிப் போட்டார். கரகரத்த ஃபேடர்களுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்தார்.

ஹெட்டுக்கு வந்தபோதுதான் அவருடைய கை நிதானித்தது. துடைத்தார். காந்தம் ஏறியிருந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் டேப்பில் உள்ள கூர்மையான ஓசைகள் அழியும் என்று டீமேக்னடைசரை மெதுவாகக் காட்டி விலக்கினார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். ஹெட்டின் பக்கவாட்டில் சின்ன ஸ்குரு, அதன் தலையில் ஒரு சொட்டுப் பெயின்ட். "பெயின்ட் உடையல, பாருங்க."

அந்த ஸ்குருதான் அஸிமத். ஹெட்டில் இருக்கும் நூலிழைப் பிளவு டேப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் மேல் ஓசைகள் மங்கிவிடும். பொதுவாக மெக்கானிக்குகள் டெஸ்ட் கேசட்டைப் போட்டு அதைச் சரியாக நிமிர்த்திக் கொடுப்பார்கள். ஆனால் இந்தக் கேசட்டைப் பதிந்ததே இந்த ஹெட்தான். அன்று அது எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில்தான் பெரியப்பாவின் குரல் டேப்பில் படிந்திருக்கிறது. பெயின்ட் உடையாததால் சாய்வு மாறவில்லை. "இப்ப நான் கம்பெனி அளவுக்கு நிமிர்த்தினா மெஷின் சரியாகிடும், அந்த டேப் மங்கிடும். முதல்ல டேப்பை எடுத்துக்குவோம். ஹெட் ஸ்குருவைத் தொடாதீங்க, நானும் தொட மாட்டேன்."

இத்தனை வருஷம் சர்வீஸ் என்றால் எல்லாவற்றையும் புதுசாக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எதைத் தொடக் கூடாது என்று தெரிந்த கையைப் பார்த்தது அன்றுதான். வருஷங்களைக் கடந்து வந்த ஒரு பதிவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

வேகத்துக்கும் அதே நியாயம். பெல்ட்டும் ரோலரும் புதுசானதால் வேகம் கொஞ்சம் மாறியிருக்கும். டெஸ்ட் கேசட்டை வைத்துச் சரிசெய்தால் போதுமே என்றேன். "பாட்டுல என்ன வாத்தியம்?" என்று கேட்டார் பாய். ஹார்மோனியம். அது இன்னும் பெரியம்மா வீட்டில் இருக்கிறது. அண்ணனுக்கு போன் போட்டோம். அவர் ஐந்து கட்டை ரீடை அழுத்திப் பிடிக்க, அண்ணன் மகள் டியூனர் ஆப்பில் பார்த்தாள்: 394 ஹெர்ட்ஸ். கேசட்டில் அதே சுரம் 401 காட்டியது. பிட்ச் குமிழை நடுவில் நிறுத்திவிட்டு, பாய் மோட்டார் பிரிசெட்டைத் துளித்துளியாகத் திருப்பினார். 399, 396, 394. நீட்டிப் பிடித்த ஹார்மோனியச் சுரம் அசையாமல் நின்றது. ரோலர் சரியில்லை என்றால் அந்த நீண்ட சுரம்தான் முதலில் அலைந்து காட்டிக்கொடுக்கும்.

கேசட் உறையில் பெரியப்பாவின் கையெழுத்தில் 'டிபிஎக்ஸ் ஆன்' என்று எழுதியிருந்தது பெரிய உதவி. டிபிஎக்ஸ், பதியும்போது ஓசையின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கி, கேட்கும்போது விரித்துக் கொடுக்கும். இரைச்சல் அடங்குவது அப்படித்தான். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஹெட்டில் அழுக்கிருந்து 2 டெசிபல் குறைந்தால், விரியும்போது அது 4 ஆகிவிடும். ஹெட்டை அவ்வளவு நேரம் துடைத்ததன் காரணம் புரிந்தது. டிபிஎக்ஸைக் கம்ப்யூட்டரில் விரிக்காமல், மெஷினிலேயே விரித்து எடுப்பது என்று முடிவாயிற்று.

பின்பக்கம் நான்கு டேப் அவுட் ஜாக்குகள். நான்கு வயர், இன்டர்ஃபேஸில் நான்கு லைன் இன்புட், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். நான்கையும் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும் என்பதில் அண்ணன் மகள் பிடிவாதமாக இருந்தாள். இரண்டு இரண்டாக எடுத்தால் என்ன என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் டேப் கொஞ்சம் வேற வேகத்துல ஓடும் சித்தப்பா. அப்புறம் தபேலாவும் பாட்டும் சேரவே சேராது." பாய் கேசட்டை ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பவும் சுற்றி, ஒட்டியிருந்த சுருள்களைப் பிரித்துவிட்டார். பிறகு பிளே.

திரையில் நான்கு கோடுகள் வளர்ந்தன. முதலாவது ஹார்மோனியம். இரண்டாவது தபேலா, பக்கத்து டிராக்குகளிலும் லேசாகக் கசிந்திருந்தது. மூன்றாவது பெரியப்பா. நான்காவதை மட்டும் தனியாகக் கேட்டபோது, அவரே இரண்டாம் குரல் பாடிப் பார்க்கிறார். ஒரு இடத்தில் சுரம் தவறுகிறது. நிறுத்தி, தொண்டையைச் செருமி, "மறுபடி" என்கிறார். அடுத்த சரணத்தில் சரியாகப் பிடிக்கிறார். இரண்டு டிராக்காகக் கலந்து கொடுத்திருந்தால் இந்த "மறுபடி" எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இனி அந்த நான்கோடு எத்தனை டிராக் வேண்டுமானாலும் சேர்க்கலாம். பாடகர் குழுவில் இப்போது இருக்கிறவர்களைப் பாடவைத்து, கம்ப்யூட்டரிலேயே பதியப்போகிறாள். கேசட்டுக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. டேப்பிலேயே புதிதாகப் பதிய ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது என்றார் பாய்: நான்காவது டிராக்கில் சிங்க் சிக்னலை முதலில் பதிந்துவிட்டால் டேப் முன்னே போக, கம்ப்யூட்டர் அதைப் பின்தொடரும். பாட்டுக்கு மூன்று டிராக் மிஞ்சும்.

அண்ணன் மகளுக்கு மெஷினை அன்றே எடுத்துப்போக ஆசை. பெரியப்பாவின் கேசட் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாய் கேட்டார். பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் சில இருப்பதாக அண்ணன் போனில் சொன்னார். "அப்ப அதுவும் வரட்டும். எல்லாத்தையும் எடுத்து முடிச்ச பிறகு ஸ்குருவை நிமிர்த்தித் தரேன்" என்று அடித்தட்டை மூடினார். நீள ஸ்குரு ஒரு பக்கம், குட்டை ஸ்குரு ஒரு பக்கம். மெஷினை அங்கேயே விட்டுவிட்டு, பாளையங்கோட்டைக்கு டிக்கெட் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கினோம்.