அம்மாவின் காதுவலி

"காதுல ஊசி வச்சிக் குத்தறாப்பல கீதுடா." 1996 ஐப்பசியில் அம்மா முதலில் சொன்னது இதுதான். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி ரெண்டு சொட்டு ஊத்தினோம். வலி நிற்கவில்லை.

எங்களுக்கு ஓரிக்கை காலனி. ஆழ்வார் பின்னால் காஞ்சியை விட்டுக் கிளம்பிய பெருமாள் ஓர் இரவு தங்கிய இடம், அதனால்தான் ஓரிக்கை என்று பேர் வந்தது என ஊரில் கதை சொல்வார்கள். பாலாற்றங்கரை நிலங்களில் நடவு, களையெடுப்பு என்று அம்மாவின் காலம் போனது. பசி தெரியாமலிருக்கக் கன்னத்தில் புகையிலை. காலையில் அதக்கினால் மத்தியானக் கூழ் வரைக்கும் தாங்கும்.

டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சீழ் இல்லை என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதினார். பத்து நாள் கழித்து, "நாக்கு ஓரத்துல புண்ணு கீது ஐயா" என்றாள் அம்மா. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே "ஆ காட்டு" என்றார். புகையிலை போடுற வாய் அப்படித்தான் இருக்குமாம். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை, தடவிக்கொள்ள ஊதா மருந்து. இப்படியே மூன்று மாதம் ஓடிப்போனது. ஒருநாளும் அவர் விரல் அம்மா மேல் பட்டதில்லை.

அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகள் 1990இல் சிறுநூலாக வெளிவந்தன. 1929இல் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை அதில் எடுத்துக் காட்டுகிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் உடம்பு முடியவில்லை. சேரிக்குள் வரமாட்டேன் என்ற டாக்டர், தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் புருஷனிடம் கொடுக்க, புருஷன் மனைவிக்கு வைத்து அதே வழியில் திருப்பித் தருகிறார். தொடாமலே நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அந்தப் பெண் செத்துப்போனாள். படித்தபோது எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் காரப்பேட்டைக்குப் போனோம். காஞ்சியில் பிறந்து, உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969இல் இறந்த அண்ணாவின் பெயரிலுள்ள அரசு ஆஸ்பத்திரி. "வாங்கம்மா" என்றார் ஒரு பெண் டாக்டர். கையுறை போட்டு, நாக்கை வலைத்துணியால் பிடித்து இழுத்து, ஓரத்தையும் அடியையும் விரலால் தடவினார். தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டார்: "காது வலிக்குதா?"

நாக்குக்குப் போகிற நரம்பும் காதுப் பக்கம் வருகிற நரம்பும் ஒரே நரம்பின் கிளைகளாம். அதனால் நாக்கில் வந்த கட்டி காதில் வலிக்குமாம். புண்ணின் அடி கல்லு மாதிரி இறுகியிருந்தது. அதைத் தொட்டால்தான் தெரியும், டார்ச்சுக்குத் தெரியாது. சதை எடுத்துப் பரிசோதித்துப் புற்று என்றார்கள். கழுத்து நெறிக்கும் அதற்குள் பரவியிருந்தது. கரண்டு வைத்தார்கள். பதினாலு மாதம் இருந்தாள்.

முதல்நாள் பஸ்ஸில் திரும்பும்போது அம்மா வியாதியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்தப் பொண்ணு என் நாக்கப் புடிச்சிப் பாத்துச்சிடா" என்றாள். ஓரிக்கையில் இறங்கும்போது மறுபடியும் அதையே சொன்னாள்.

தோழர்களே, மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, முழுசாகத் திறக்க முடியாத வாய், மாறிப்போன குரல், கழுத்தில் கட்டி, காதில் குறையில்லாத காதுவலி - இதில் எது இருந்தாலும் காட்டுங்கள். டாக்டர் தள்ளி உட்கார்ந்தே மருந்து எழுதினால் எழுந்து வராதீர்கள். "தொட்டுப் பாருங்க" என்று கேளுங்கள். அன்றைக்கு எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.