பூட்டு போட்டது நான், சாவி யாரிடம்?

பி.காம் படிக்கிற பையனுக்கு லினக்ஸ் சர்வரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர் தெரியும்ல, வந்து பாத்துட்டுப் போடா" என்று மாமா கூப்பிட்டார், போனேன். அவ்வளவுதான்.

மாமாவுடையது பெயிண்ட், பைப் விற்கும் கடை. கணக்குக் கோப்புகள் வாடகைக்கு எடுத்த ஓர் உபுண்டு சர்வரில் இருந்தன. கடை, ஆடிட்டர் அலுவலகம், கணக்கு எழுதும் அண்ணன் வீடு என மூன்று இடங்களிலிருந்தும் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போவார்கள். லாகின் பதிவைத் திறந்து பார்த்தேன். முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து 'ரூட்' என்ற பெயரில் யார் யாரோ விடாமல் கதவைத் தட்டியிருந்தார்கள். வயிற்றைக் கலக்கியது. இணையத்தில் திறந்து கிடக்கும் சர்வர்களுக்கு இது தினசரி நடப்பதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

சரி, விபிஎன் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பொதுச்சாலைக்கு அடியில் நமக்கென்று ஒரு சுரங்கப்பாதை. சாவி உள்ளவர் மட்டும் நுழையலாம். ஓப்பன்விபிஎன் 2001 முதல் இருக்கிறது. நான் எடுத்தது வயர்கார்ட். 2020-ல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.6-லேயே அது சேர்ந்துவிட்டது. அமைப்புக் கோப்பும் சில வரிகள்தான், என்னைப் போன்ற ஆட்களுக்கும் புரியும்.

நிறுவுவது ஒரே கட்டளை. 'ஆப்ட்' மூலம் வாங்கினால் உபுண்டுவின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே பொதியை நிறுவும். அதை விட்டுவிட்டு, கண்ட இடத்தில் கிடைத்த ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டுவது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. ஃபயர்வாலில் 51820 யூடிபி போர்ட்டைத் திறந்தேன். சுரங்கம் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகுதான் 22-ஆம் போர்ட்டை வெளியாட்களுக்கு மூடினேன். அவசரப்பட்டு முதலில் மூடியிருந்தால் நானே வெளியே நின்றிருப்பேன் :)

இதுவரை சமர்த்து. இனிமேல்தான் சோம்பேறித்தனம். மூன்று பேருக்கும் தனித்தனிச் சாவி செய்யாமல், ஒரே ஒரு கோப்பைத் தயாரித்து மூவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

ஆளுக்கொரு நேரத்தில் வேலை செய்ததால் சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடையிலிருந்து, "கனெக்‌ஷன் அடிக்கடி அறுந்து போகுது" என்று புகார். வயர்கார்டில் ஒரு சாவிக்கு ஒரு முகவரிதான். அதே சாவியோடு இன்னொருவர் வந்தால் இணைப்பு அவர் பக்கம் தாவிவிடும். சர்வரில் உட்கார்ந்து கவனித்தேன். முகவரி மாறி மாறி வந்தது. ஒன்று கடை. இன்னொன்று கடையும் இல்லை, ஆடிட்டரும் இல்லை.

கணக்கு எழுதிய அண்ணன் இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டிருந்தார். தயங்கித் தயங்கி அவருக்குப் போன் செய்தேன். பழைய லேப்டாப்பைக் கல்லூரியில் படிக்கும் தம்பிக்குக் கொடுத்துவிட்டாராம். அதைத் திறந்தாலே விபிஎன் தானாக ஓடத் தொடங்கும். தப்பு அவர்மீது இல்லை. ஆனால் அந்த லேப்டாப் தொலைந்திருந்தால்? கடைக் கணக்கு மொத்தமும் எடுத்தவன் கையில்.

மாமா சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: "அவன் போறப்ப ஷட்டர் சாவியை வாங்கி, நோட்டுல கையெழுத்தும் வாங்கினேன். இந்தச் சாவியை யாருமே கேக்கலையேடா."

கேட்டிருந்தாலும் பயனில்லை. எத்தனை நகல் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்தச் சாவியைத் திரும்ப வாங்க முடியாது, பூட்டைத்தான் மாற்ற வேண்டும். அன்றிரவே பழைய சாவியை சர்வரிலிருந்து நீக்கினேன், பாஸ்வேர்டையும் மாற்றினேன். இப்போது ஒவ்வொரு கணினியும் தன் ரகசியச் சாவியைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. எனக்கு வருவது பொதுச்சாவி மட்டும். அதை யார் பார்த்தாலும் பாதகமில்லை.

கூடவே மாமாவின் நோட்டில் ஒரு பக்கம்: பெயர், எந்தக் கணினி, கொடுத்த நாள், நீக்கிய நாள். ஆடிட்டிங் பாடத்தில் 'உள்ளகக் கட்டுப்பாடு' என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். அதன் அர்த்தம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது.