ஸ்தோத்திரப் பந்தியில் ஒரு வான்கோழி

சமையலைப்பற்றி எவராவது சாட்சி எழுதுவார்களோ என்று நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும், கொல்கத்தாவிலுள்ள எங்கள் சிறிய வீட்டில் என் வாழ்நாளிலேயே முதன்முறையாக ஒரு வான்கோழியைச் சமைத்தபோது தேவன் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை மறைத்துவைக்க மனமில்லை. அதில் பாதி சமையற்பாடம். மறுபாதி வேறு.

2023ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியிருந்தது. துர்கா பூஜை நாட்களில் என் கணவரும் அதில் விழுந்தார். அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய இரத்தத்தில் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை பதினோராயிரமாக இறங்கிவிட்டதென்று மருத்துவர் கூறினார். எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாட்களுக்குமேல் சேமித்துவைக்க இயலாதாம். பண்டிகைக் காலத்தில் கொடையாளர் வருவதும் குறைவு. இருப்பு இல்லை, நீங்களே ஆள் அழைத்து வாருங்கள் என்றார்கள். எங்கள் ஒரே மகள் அமெரிக்காவில் இருந்தாள். சபையாரோ ஆராதனையில் இருந்தபடியால் எவருடைய தொலைபேசியும் எடுக்கப்படவில்லை.

கடைசியில் எதிர்வீட்டுப் பௌதியை அழைத்தேன். பௌதி என்பது வங்காளத்தில் அண்ணியை அழைக்கும் சொல். அன்று அஷ்டமி. புஷ்பாஞ்சலி செலுத்தும்வரை வங்காளிகள் தண்ணீரும் அருந்தாமல் காத்திருக்கும் நாள். பௌதி அஞ்சலிக்குப் போகவில்லை. ஜனநெரிசலினால் சாலைகள் அடைபட்டிருக்க, பாதிவழி நடந்தே மகனோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டார். அந்தப் பிள்ளை பிளேட்லெட் கொடுத்து முடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். மாலையில் போதகரும் விசுவாசிகளும் வந்து கண்ணீரோடு ஜெபித்தார்கள். மறுநாளிலிருந்து எண்ணிக்கை ஏறத் தொடங்கிற்று. பத்தாம் நாளில் என் கணவர் வீடு திரும்பினார். கர்த்தருக்கே மகிமை.

நவம்பர் மாத இறுதியில் மகள் தொலைபேசியில் பேசினாள். "அம்மா, இங்கே இன்று நன்றியறிதல் நாள். எல்லா வீடுகளிலும் வான்கோழி சமைத்திருக்கிறார்கள். அப்பா பிழைத்ததற்கு நீங்களும் ஒரு பந்தி வைத்து ஸ்தோத்திரம் செலுத்துங்களேன்" என்றாள்.

ஸ்தோத்திரப் பந்தி எனக்குப் புதிதன்று. நான் பிறந்தது நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமம். அங்கே அறுப்பின் பண்டிகைக்குப்பின் ஆலய வளாகத்தில் அசனம் நடக்கும். பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொதிக்க, ஊரே வரிசையாய் அமர்ந்து உண்ணும். ஆனால் வான்கோழியா? மயிலைப் பார்த்து ஆட முயன்ற வான்கோழியை நம் மூதுரை பரிகசிக்கிறது. அமெரிக்கரைப் பார்த்து நாமும் அப்படி ஆடுகிறோமோ என்று தயங்கினேன்.

அந்தப் பண்டிகையின் வரலாற்றை வாசித்தபின்பே தயக்கம் நீங்கிற்று. 1620ஆம் ஆண்டு மேஃப்ளவர் என்னும் கப்பலில் 102 பேர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். மீந்தவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்பித்தவர் அம்மண்ணின் பூர்வகுடியைச் சேர்ந்த ஸ்குவாண்டோ. 1621இல் விளைச்சல் கண்டு விருந்து வைத்தபோது, வாம்பனோக் என்னும் பூர்வகுடியினர் தொண்ணூறு பேர் தங்கள் தலைவரோடு வந்து, ஐந்து மான்களையும் கொண்டுவந்து, மூன்று நாட்கள் உடனிருந்தார்கள். ஆபிரகாம் லிங்கன் 1863இல் தேசமனைத்தும் நன்றியறிதல் நாளை ஆசரிக்கும்படி அறிவித்தார். நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன் என்று 1941இல் சட்டம் வகுத்தது.

இக்கதையின் மறுபக்கம் கசப்பானது. வந்தேறிகளைப் பிழைக்கவைத்த அந்த ஜனங்கள் பிற்காலத்தில் தங்கள் நிலத்தை இழந்தார்கள். அவர்கள் சந்ததியாரும் மற்றப் பூர்வகுடியினரும் 1970 முதல் அதே நாளை பிளிமத் நகரில் துக்கநாளாக அனுசரிக்கிறார்கள். தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர் அனுப்பிய கைகளை மறந்துபோகக் கூடும் என்பதை அன்று அறிந்தேன். ஆனால் அது என்னைக் குறித்த எச்சரிக்கை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 9, சனிக்கிழமை மாலை ஸ்தோத்திரக் கூட்டம் என்று தீர்மானித்து, சபையார் இருபது பேரின் பெயரை எழுதினேன். என் கணவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"பௌதியின் பெயர் எங்கே?"

"பாட்டும் ஜெபமுமாய் இருக்கும். அவர்களுக்குச் சங்கடம் அல்லவா?" என்றேன்.

அது மெய்யான காரணமன்று. பதினோரு ஆண்டுகளாய்ப் பூஜைக்கும் லட்சுமி பூஜைக்கும் பௌதி இனிப்புத் தட்டு கொண்டுவருவார். வாசலிலே புன்னகையோடு வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தியதும், படைக்கப்பட்டதை உண்ணலாகாதென்று வேலைக்கார அம்மாளிடம் கொடுத்துவிடுவேன். அவர் வீட்டுப் பந்தியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது எந்த முகத்தோடு என் பந்திக்கு அழைப்பேன்?

என் கணவர் நான் எழுதிய நாளை அடித்து, வெள்ளிக்கிழமை என்று திருத்தினார். "சனிக்கிழமை அவர்கள் மாமிசம் உண்ணமாட்டார்கள். நீ போய் அழைத்து வா" என்றார். போனேன். "நிச்சயம் வருவேன், திதி" என்று உடனே சொன்னார் பௌதி.

இனிச் சமையலுக்கு வருகிறேன். கொல்கத்தாவில் கிறிஸ்துமஸ் காலத்து வான்கோழிக்குப் பெயர்பெற்ற இடம், 1874இல் திறக்கப்பட்ட ஹாக் மார்க்கெட். இன்று நியூ மார்க்கெட் என்றால்தான் தெரியும். காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கி, கோழிக்கடைகளின் பகுதிக்குப் போனேன். ஏழு கிலோ பறவை, சுத்தம் செய்தபின் ஐந்து கிலோவுக்குச் சற்று மேலாக நின்றது. அதைச் சுமந்து வருகையில் ஒன்று நினைவுக்கு வந்தது. இப்பறவையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1612இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் பாதுஷாவின் அரசவைக்கு இது வந்தபோது, அவர் வியந்து ஓவியர் மன்சூரைக்கொண்டு வரைவித்தார். நம்மைப்போல் இதுவும் வேற்றூரிலிருந்து வந்து குடியேறியதுதான்.

எங்கள் ஆங்கில ஆராதனைக்கு வரும் ஆங்கிலோ-இந்திய மூதாட்டி ஒருவர் நாற்பது கிறிஸ்துமஸ்களுக்கு வான்கோழி சமைத்தவர். அவரே எனக்கு ஆசிரியை. கிலோவுக்குப் பதினைந்து கிராம் உப்பு என்ற கணக்கில், மிளகுப்பொடியும் இஞ்சிபூண்டு விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, தோலுக்கு உள்ளும் புறமும் தடவி, ஓர் இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னார். வயிற்றுக்குள் பிரியாணிச் சோற்றைத் திணிக்கலாம் என்பது என் எண்ணம். அதை அவர் தடுத்தார். பச்சை இறைச்சியின் சாறு சோற்றில் இறங்கும், நடுப்பகுதி சூடேறுமுன் வெளிக்கறி வறண்டுவிடும் என்றார். ஆகவே இரண்டு வெங்காயமும் ஓர் எலுமிச்சையும் மட்டும் வைத்தேன்.

எங்கள் வீட்டு மின்அடுப்பில் பறவையின் பாதிகூட நுழையவில்லை. அதற்கும் மூதாட்டியே வழி காட்டினார். கிறிஸ்துமஸ் கேக் மாவைத் தெருவிலுள்ள பேக்கரிக்குக் கொடுத்தனுப்பிச் சுட்டு வாங்குவது இந்நகரத்தில் பழைய வழக்கம். தால்தலாவில் அவர் வீட்டருகே ஒரு முஸ்லிம் பெரியவர் நடத்தும் பேக்கரி இருந்தது. காலை ரொட்டி சுட்டு முடித்த விறகடுப்பின் தணியும் சூட்டில், பிற்பகல் இரண்டு மணிக்குப் பறவையை வைத்தோம். மேலே வெண்ணெய் பூசினோம்.

நாலரை மணிக்கு வெளியே எடுத்தபோது தோல் பொன்னிறமாய் மின்னிற்று. நான் உரத்த சத்தமாய் அல்லேலூயா என்றேன். மூதாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் தொடையின் தடித்த பகுதியில் கத்தியைச் செலுத்தினார். சாறு இரத்தச் சிவப்பாய் வழிந்தது. நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்துவிடும், எலும்பையொட்டிய தொடைக்கறி தாமதமாகும். வான்கோழியில் புதியவர்கள் இடறுவது இங்கேதான் என்றார். வெப்பமானி உள்ளவர்கள் தொடையின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் காட்டும்வரை பொறுத்திருக்கவேண்டும். நெஞ்சை அலுமினியத் தாளால் மூடி, கால்களை அடுப்பின் சூடான உட்பக்கம் திருப்பி, மறுபடியும் உள்ளே வைத்தோம். அங்கே மூதாட்டிக்குத் துணையாக என் கணவரை நிறுத்திவிட்டு, விருந்தினரை வரவேற்க நான் வீட்டுக்கு ஓடினேன்.

ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கிற்று. பாடினோம், ஜெபித்தோம், போதகர் வார்த்தையைப் பகிர்ந்தார். பறவை மட்டும் வரவில்லை. பௌதி சுவரோரமாய் அமைதியாக அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் சமையலறைக்குள் வந்து ஒரு காகிதப் பெட்டியை என்னிடம் நீட்டினார். குளிர்காலத்துப் புதிய பேரீச்சை வெல்லத்தில் செய்த சந்தேஷ்.

"திதி, இதைக் கடையிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டு வாசற்படிகூட ஏறவில்லை. சாமிக்குப் படைக்காதது. நீங்கள் உண்ணலாம்" என்றார்.

நான் பேச்சற்று நின்றேன். அவர் சிரித்தார். "நான் கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாதா? அந்த அம்மாள்தானே என் வீட்டிலும் பாத்திரம் துலக்குகிறாள்! போகட்டும், அவள் பிள்ளைகள் உண்டார்கள். ஆனால் இந்தப் பெட்டி உங்களுக்கு."

எத்தனை ஆண்டுகளாய் அறிந்திருந்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அறிந்திருந்தும் ஒவ்வோர் ஆண்டும் தட்டு கொண்டுவந்தார். அறிந்திருந்தும் அஷ்டமி நாளில் அஞ்சலியை விட்டுவிட்டு வந்தார். "பௌதி, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அங்கேயே நின்றபடி ஒரு சந்தேஷை எடுத்து உண்டேன். கண்ணீரின் உப்போடு அது இறங்கிற்று.

ஏழு மணிக்கு என் கணவரும் ஒரு வாலிபத் தம்பியும் பறவையைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார்கள். வெட்டுமுன் அரைமணி நேரம் பொறுத்தோம். அப்படிச் செய்தால்தான் சாறு கறிக்குள் தங்கும். உள்ளதைச் சொல்லுகிறேன், நெஞ்சுக்கறி சற்று வறண்டே இருந்தது. தட்டில் தேங்கிய சாற்றைக் குழம்பாக்கி ஊற்றிச் சமாளித்தோம். தொடைக்கறியோ மிருதுவாய் இருந்தது. தேங்காய்ச்சோற்றோடு அனைவரும் உண்டார்கள். பிளேட்லெட் கொடுத்த பிள்ளை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான். எலும்புகளை மறுநாள் மிளகு தட்டிப்போட்டு ரசமாக்கினேன்.

அன்றிரவு உபாகமம் 26ஆம் அதிகாரத்தை வாசித்தேன். முதற்பலனைக் கொண்டுவருகிறவன் தன் தகப்பன் அந்நிய தேசத்தில் பரதேசியாய்ச் சஞ்சரித்ததை அறிக்கையிடவேண்டும். பின்பு தன் நடுவிலுள்ள பரதேசியோடும் சேர்ந்து மகிழவேண்டும் என்று பதினோராம் வசனம் கட்டளையிடுகிறது. கொல்கத்தாவில் பரதேசி நான். அப்படியிருக்க, வீட்டுக்காரராகிய பௌதியையே அழைக்கத் தயங்கினேனே!

என் நம்பிக்கையை நான் தளர்த்தவில்லை. 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் காட்டும் வழியின்படி, படைக்கப்பட்டதென்று ஒருவர் சொன்னால் அதை இன்றும் உண்பதில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு மறைப்பதை விட்டுவிட்டேன். காரணத்தைப் பௌதியிடம் முகமுகமாய்ச் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் பூஜை நாட்களில் அவர் எங்களுக்கென்று தனியே ஒரு பெட்டி வாங்கிவருகிறார். அவர் வீட்டு மேசையில் அமர்ந்து அதை உண்கிறோம்.

பிரியமானவர்களே, பிழைப்புக்காகப் புறப்பட்டு, புரியாத பாஷை பேசும் நகரங்களில் வீடு எடுத்து வாழும் நமக்கு, இவ்வாண்டும் ஸ்தோத்திரம் செலுத்தக் காரணங்கள் உண்டு. பந்தியில் வான்கோழி இல்லாவிட்டாலும் குறைவில்லை. விருந்தினர் பட்டியலை எழுதி முடித்தபின், அதை ஒருமுறை உங்கள் வீட்டாரிடம் காட்டுங்கள். விடுபட்ட பெயர் ஒன்று இருக்கக்கூடும். கர்த்தர் உங்கள் பந்தியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.