ஐந்து ஆறு தாண்டும் சாலையில் ஒரு ஹெரால்டு!

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடலாம். கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, அடுத்து வெட்டாறு, கண்டியூர் பக்கம் குடமுருட்டி, கடைசியில் ஊர் வாசலிலேயே காவிரி. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி வந்துவிட்டால் ஐந்திலும் நுரை புரளும். இருபுறமும் நாற்றங்கால் பச்சை கண்ணைப் பறிக்கும்.

பயணிக்கு இது அழகு. காருக்கோ இது பரீட்சை. பெரிய சாலையை விட்டுக் கிராமத்துப் பக்கம் திரும்பினால், ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். மழையில் ஊறி வெயிலில் வெடிக்கிற வண்டல் மண்ணில் சாலை ஓரம் அங்கங்கே உள்வாங்கியிருக்கும். இந்தப் பரீட்சையில் ஒரு தமிழ்நாட்டுக் கார் படாதபாடு பட்ட கதை சுவாரஸ்யமானது.

வண்டலூர் தந்த கார்

சென்னைக்கு அருகே வண்டலூரில் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் இங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆனது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி. 948 சிசி இன்ஜின். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். குறுகலான அக்ரஹாரத் தெருவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சிக்கல் பின்பக்கத்தில்தான். அம்பாசடர், ஃபியட் கார்களில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே நீளமான அச்சு இணைத்திருக்கும், மாட்டு வண்டி அச்சைப் போல. ஹெரால்டில் அப்படியில்லை. நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்து அசையாமல் இருக்கும். அதன் இருபுறமும் பாதிப் பாதி அச்சுகள், பறவையின் சிறகு போல மேலும் கீழும் ஆடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மறு சக்கரம் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. காலி வண்டியில் சொகுசு.

ஆனால் நம் ஊரில் காலி வண்டி ஏது? தாத்தா, பாட்டி, பிள்ளைகள், மேலே ஒரு மூட்டை அரிசி! பாரம் ஏற ஏற, பின் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். வேகமாக வளைவில் போகும்போது பயந்து சட்டென பிரேக் பிடித்தால், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கி, வண்டியின் பின்பகுதி விலகி ஓடவும் கூடும். மாட்டு வண்டி அச்சுக்குப் பழகிய பட்டறைகளுக்கும் இந்த அமைப்பு தலைவலியானது.

கடைசியில் நிறுவனமே இறங்கி வந்தது. 1972-ல் வந்த 'ஸ்டாண்டர்டு கெஸல்' காரில் அதே 948 சிசி இன்ஜின். பின்பக்கம் மட்டும் ஒரே அச்சு. 1977 வரை கெஸல் தயாரானது. வெளிநாட்டு வடிவத்தை நம் சாலை திருத்தி எழுதியது என்றே சொல்லலாம்.

மாற்றலாமா?

இன்று ஒரு ஹெரால்டை வைத்திருப்பவருக்கு, 'கெஸல் அச்சைக் கழற்றி இதில் மாட்டிவிட்டால் என்ன?' என்ற ஆசை வரலாம். அண்ணன் தம்பி கார்கள்தானே! ஆனால் நான்கு போல்ட்டில் முடிகிற வேலை அல்ல இது. ஹெரால்டின் குறுக்குப் பட்டை ஸ்பிரிங், டிஃபரன்ஷியலின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே அச்சுக்கு ஸ்பிரிங் பிடிப்புகள் வேறு. புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய், சக்கரம் மட்காடில் உரசாத இடைவெளி என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கிரவுன், பினியன் பல் கணக்கு மாறினால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும்.

சட்டமும் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பில் கைவைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. வெல்டிங் வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. 2021-ல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வாகனத்தை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்ய, அது பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் கூடாது. புது அச்சுக்காகச் சேஸிஸை வெட்டி ஒட்டினால் அந்தத் தகுதியே கைநழுவலாம்.

அதைவிட எளிய வழி, காரின் குணமறிந்து ஓட்டுவது. பாரத்தைக் குறைக்கலாம். டயர் காற்றை அடிக்கடி பார்க்கலாம். அச்சின் யூ ஜாயின்ட் கிராஸ் ஆட்டம் கண்டால் உடனே மாற்றலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கலாம். வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் இருக்கலாம்.

காவிரிப் பாலம் தாண்டியதும் திருவையாறு. பயத்தம்பருப்பில் செய்த அசோகாவைச் சுடச்சுட வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படும் நேரத்தில், எங்கேனும் ஒரு ஹெரால்டு நின்றால் பின்னால் போய் நின்று பாருங்கள். ஆட்கள் ஏறும் முன் சக்கரங்கள் ஒருவிதமாக நிற்கும். எல்லோரும் ஏறியதும் சாய்ந்துகொள்ளும். அந்தச் சாய்வுதான் கெஸல் பிறந்த காரணம்!