ஆச்சி வயல் வரப்பு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுதாமலே தள்ளிப் போட்டுக்கிட்டு வந்த விஷயம் இது. வாழைக்கு விலை இல்ல, உரம் கிடைக்கல, பன்றி வந்து பயிரை அழிச்சுட்டுன்னு எழுதுறது லேசு. அதுல குத்தம் எப்பவும் அடுத்தவங்க மேலதான் இருக்கும். இது என் மேல உள்ளது.

வயல் வேலை தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு வரப்பு எப்படி நகரும்னு சொல்லணும். நடவுக்கு முன்னால வரப்போட ஓரத்தை மம்பட்டியால சீவி விடுவோம். புல், நண்டு வளை எல்லாம் போகணும்லா? இதுக்கு அண்டை வெட்டுறதுன்னு பேரு. வெட்டுன பிறகு சேறு எடுத்து வச்சு மெழுகி விடணும். இப்போ, என் பக்கம் வெட்டும்போது ரெண்டு விரக்கடை கூடுதலா வெட்டிட்டு, மெழுகும்போது வரப்பு மேலயும் அந்தப் பக்கமும் சேத்தை அப்பிட்டேன்னா, வரப்போட அகலம் அப்படியேதான் இருக்கும். ஆனா வரப்பு ரெண்டு விரக்கடை நகந்துரும். யாரு கண்ணுக்கும் தெரியாது. வருஷத்துக்கு ரெண்டு போகம். இருபது வருஷம். கணக்கு போட்டுக்கிடுங்க.

எங்க வயலுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு ஆச்சி வயல். ரத்த சொந்தம் இல்ல, ஒரே தெரு, ஒரே சபை. வீட்டுக்காரர் போய் ரொம்ப காலமாச்சு. மகன்கள் வெளியூர்ல. வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தா. குத்தகைக்காரன் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருத்தன் மாறுவான், அவனுக்குப் பழைய வரப்பு எங்க இருந்துச்சுன்னு தெரியாது. அதுதான் எனக்கு வசதி.

இத்தனைக்கும் நான் ஒண்ணும் கோயில் பக்கமே போகாத ஆள் இல்ல. எங்க அப்பா வளர்த்த விதம் அப்படி. ஞாயித்துக்கிழமை வயல்ல கால் வைக்கக் கூடாது. களத்துல நெல் அளந்தா முதல்ல பத்துல ஒண்ணு ஒதுக்கி வச்சுட்டுத்தான் மிச்சம் வீட்டுக்கு வரும். ராத்திரி குடும்ப ஜெபம் முடியாம சோறு கிடையாது. அசனப் பண்டிகைக்கு எங்க வீட்டுப் பங்கு குறைஞ்சதே இல்ல. அப்பா போன பிறகும் நான் அதுல ஒரு புள்ளி மாத்தல. ஆனா ஆச்சி மண்ணுல விளைஞ்ச நெல்லுக்கும் சேர்த்துத்தான் நான் தசமபாகம் குடுத்திருக்கேன். இதுல இன்னொரு கொடுமை, எங்க தெருவுல கைப்பிடி அரிசி வாங்க சனிக்கிழமை தோறும் வாரது அதே ஆச்சிதான். பொம்பளைங்க உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்குன்னு தனியா எடுத்து வைப்பாங்க. அதை என் வீட்டு வாசல்ல நின்னு, "கர்த்தர் ஆசீர்வதிப்பாரு"ன்னு சொல்லி வாங்கிட்டுப் போவா.

மனசு உறுத்தாம இல்ல. உபாகமம் 27ஆம் அதிகாரத்துல, அடுத்தவன் எல்லைக் குறியை ஒதுக்கிப் போடுறவனுக்குச் சாபம்னு இருக்கு, எல்லாரும் ஆமென் சொல்லணும்னும் இருக்கு. நீதிமொழிகள் 15ல விதவையோட எல்லையைக் கர்த்தரே நிலைநிறுத்துறார்னு இருக்கு. வேதபாட வரிசையில அந்தப் பகுதி வந்தா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருப்பேன்.

அப்புறம் ஒரு காலம் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு நிறைய போனேன். கிருபை, கிருபைன்னு பிரசங்கம். கிரியையினால ஒருத்தனும் நீதிமான் ஆக முடியாது, எல்லாம் சிலுவையில முடிஞ்சுட்டுன்னு கேக்கும்போது நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. அது பொய் இல்ல, எபேசியர் 2ல தெளிவாவே இருக்கு. ஆனா நான் இறக்கி வச்சது எந்த மூட்டைன்னு இப்போ யோசிச்சா வெக்கமா இருக்கு. எல்லாம் மன்னிச்சாச்சுல்லா, இனி எதுக்கு வரப்பைக் கிளறணும்னு நிம்மதியா அண்டை வெட்டினேன். பவுல் ரோமர் 6ல முதல் வரியிலயே இந்தக் கேள்வியைத்தான் கேக்குறார். என்னை மாதிரி ஆள் அப்பவும் இருந்திருக்கான் போல.

அப்பாவோட சட்டமும் எனக்குத் தோதாத்தான் இருந்துச்சு, கூட்டத்துல கேட்ட கிருபையும் எனக்குத் தோதாத்தான் இருந்துச்சு. ரெண்டுல எதுவும் அந்த வரப்பைத் தொடல.

இதுக்கு இடையில ஒரு விஷயம். எங்க சேகரத்து ஐயரு (எங்க பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்லுவோம்) வேதபாட வகுப்புல ஒருநாள் சொன்னாரு, மார்ட்டின் லூத்தர் 1522ல ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளியிட்டப்போ முன்னுரையில யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம்னு எழுதிட்டாராம். கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு யாக்கோபு சொல்றது அவருக்கு இடிச்சிருக்கு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா, லூத்தர் மாடு வளர்த்திருக்க மாட்டாரு. வைக்கோல் இல்லாத வீட்டுல மாடு என்னத்தைத் தின்னும்?

சரி, வெள்ளத்துக்கு வாரேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில ஆராதனைக்குக் குடை பிடிச்சுத்தான் போனோம். ராத்திரிக்குள்ள என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். எங்க மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுற மழையை விட அதிகம். தாமிரபரணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எதுன்னு தெரியாம ஓடுச்சு, குளங்கள் உடைஞ்சுது. திருச்செந்தூர்ல இருந்து கிளம்புன சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு, நூத்துக்கணக்கான ஜனம் ரெண்டு நாள் கிட்ட அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. எங்க ஊர்ல சாவு இல்ல, அதுக்கு ஸ்தோத்திரம். மாடு ரெண்டு போச்சு. அந்த வருஷ கிறிஸ்துமஸுக்குக் கோயில்ல சேறு கழுவினோம்.

தண்ணி வடிஞ்சு வயலுக்குப் போனா, வயலே இல்ல. நட்டு ஒரு மாசம் ஆகாத பிசான நெல் மேல முழங்கால் அளவுக்கு மணல். வரப்பு ஒண்ணு கூடத் தெரியல. என் வயல், ஆச்சி வயல், அதுக்கு அடுத்தது எல்லாம் ஆத்தங்கரை மாதிரி ஒரே விரிப்பு.

முதல்ல என்ன தோணுச்சுன்னா, இது எனக்கு வந்த அடி. உபாகமம் 11ல, கற்பனைகளைக் கைக்கொண்டா ஏத்த காலத்துல மழை தருவேன், விலகிப் போனா வானத்தை அடைப்பேன்னு இருக்குல்லா? அடைக்கிறதுக்குப் பதிலா ஒரேயடியா தொறந்து விட்டுட்டாருன்னு நினைச்சேன். ஆனா அந்த யோசனை ரெண்டு நாள் கூட நிக்கல. என் பாவத்துக்கு ஆச்சி வயல்ல ஏன் மணல் விழணும்? அவ என்ன செஞ்சா? மத்தேயு 5ல ஆண்டவர், நல்லவன் மேலயும் கெட்டவன் மேலயும் மழை பெய்யுதுன்னு சொல்றாரே, அது அன்னைக்குத்தான் நேரா வந்து இறங்குச்சு. இத்தனை வருஷம் எங்களுக்கு நல்லா விளைஞ்சதும் நான் குடுத்த தசமபாகத்துக்குக் கூலி இல்ல. வரப்பை வெட்டுனவன் வயல்லயும் அவரு விளைய வச்சிருக்காரு. இது தெரிஞ்சதும் ஆறுதல் வரல, பயம்தான் வந்துச்சு. கணக்குன்னா கட்டி முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிரலாம். இதுல எங்க போறது?

உபாகமம் 11லயே முன்னால ஒரு பகுதி இருக்கு. எகிப்துல விதைச்சவன் காலால மிதிச்சுத் தண்ணி பாய்ச்சணும், நீங்க போற தேசம் வானத்து மழையைக் குடிக்கிற தேசம்னு. நான் அதைச் சின்ன வயசுல இருந்து, கானான்ல வேலை குறைவுன்னு புரிஞ்சு வச்சிருந்தேன். கானான்லயும் உழுதிருக்கான், விதைச்சிருக்கான், அறுத்திருக்கான். மழை மட்டும்தான் அவன் கையில இல்ல. நம்ம மானாவாரிக் காட்டுக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்ல. மழையை நம்புறவன்தான் மழைக்கு முன்னாடியே உழுது போடுவான்.

ஜனவரியில மணல் அள்ள ஆரம்பிச்சோம். அப்போதான் எல்லை பாக்க வேண்டி வந்துச்சு. சர்வே கல் மணலுக்கு அடியில எங்கயோ. ஆச்சியோட குத்தகைக்காரன் வெள்ளத்தோட கைவிட்டுட்டுப் போயிட்டான். வரப்பு எங்க இருந்துச்சுன்னு கேட்டா நான் காட்டுற இடம்தான் வரப்பு. கல்லு இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அப்பா காட்டிக் குடுத்தது. வரப்புல இருந்து மூணு அடி, என் வயலுக்குள்ள, மண்ணுக்குக் கீழ.

ராத்திரி வீட்டுக்காரிகிட்ட மெதுவா சொன்னேன். இருபது வருஷத்துல முதல் தடவை. அவ ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "ஆச்சிக்கு அரிசி போட்ட கை இது"ன்னு மட்டும் சொன்னா.

மறுநாள் போனேன். வெறுங்கையோட போகல, அதான் என் புத்தி. காகிதத்துல கணக்கு போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். நீளம் 150 அடி, அகலம் மூணு அடி, 450 சதுர அடி. ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. ஏக்கருக்கு 2,500 கிலோன்னா சென்ட்டுக்கு 25 கிலோ, வருஷத்துக்கு ரெண்டு போகம் 50 கிலோ. வரப்பு கொஞ்சம் கொஞ்சமாத்தான் நகந்துச்சு, அதனால சராசரி பாதி. இருபது வருஷத்துக்கு 500 கிலோ. சகேயு நாலத்தனையா திருப்பிக் குடுத்தான்லா, ஆக 2,000 கிலோ நெல்.

ஆச்சி வாசல்ல உக்காந்து வெள்ளத்துல நனைஞ்ச வேதாகமத்தை ஒவ்வொரு தாளா வெயில்ல பிரிச்சு வச்சுக்கிட்டு இருந்தா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிமிரல.

"எனக்குத் தெரியும்லே"ன்னா.

"எப்போ இருந்து?"

"உங்க அப்பா இருக்கும்போதே ஒரு சாண் வந்துட்டு. நீ மட்டுமா வெட்டுன?"

கல்லு மேல அப்பா எதுக்கு மண்ணைப் போட்டு மூடினாருன்னு அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்குச்சு. ஞாயித்துக்கிழமை வயல்ல கால் வைக்காத மனுஷன்.

"தெரிஞ்சுமா ஆச்சி ஒண்ணும் சொல்லல?"

"சொல்லி? சண்டை போட்டு, கோர்ட்டுக்குப் போயி, பிறகு ஒரே பலகையில உக்காந்து நற்கருணை எடுக்கணும். உனக்காக ஜெபம் பண்ணினேன். சில நாள் கோவமாவும் பண்ணினேன்."

காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் பாத்துட்டு சிரிச்சுட்டா. "ஏலே, சகேயு வீட்டுக்கு ஆண்டவர் வந்த பிறகுல்லா அவன் குடுக்கேன்னு சொன்னான்? குடுத்து முடிச்ச பிறகா அவரு வந்தாரு? நீ கணக்கு முடிச்சாத்தான் என் வீட்டுக்கு வருவியோ? போ, இருக்கட்டும் விடு. நான் என்ன வாரிக்கிட்டாப் போகப் போறேன்."

உண்மையைச் சொல்லுதேன், அந்த 'இருக்கட்டும் விடு' கேட்டதும் மனசுக்குள்ள ஒரு மூலையில சந்தோஷமா இருந்துச்சு. மன்னிப்பும் கிடைச்சுட்டு, மூணு அடியும் மிச்சம். வீட்டுக்கு வார வழி முழுக்க அதையே உருட்டிக்கிட்டு வந்தேன். வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், ஆச்சி விட்டுக் குடுத்துட்டான்னு. அவ கேட்டா, "அவ்வோ விட்டுட்டாவோன்னா நீங்க வச்சுக்கிடலாம்னு அர்த்தமா?"

தீத்து நிருபம் 2ஆம் அதிகாரத்துல, கிருபை வந்து நமக்குப் போதிக்குதுன்னு ஒரு பகுதி இருக்கு. அவபக்தியை வெறுக்கச் சொல்லிப் பாடம் நடத்துதாம். கிருபைன்னா தள்ளுபடி மாதிரின்னுதான் நினைச்சிருந்தேன், வாத்தியார் வேலை பாக்கும்னு நினைக்கல. ஆச்சி அன்னைக்கு, "மூணு அடியையும் வை, நெல்லையும் அள"ன்னு கறாரா சொல்லியிருந்தா, அளந்து போட்டுட்டு மனசுக்குள்ள அவளைத் திட்டியிருப்பேன். அதுலயும் எங்கயாவது ஒரு அடி குறைச்சிருப்பேன். சிரிச்சுட்டு விட்டாளே, அதுக்குப் பிறகு அந்த மூணு அடி மேல என்னால நிக்க முடியல.

மறுநாள் விடியக்காலம் ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய் மணலை அள்ளி, கல்லைத் தோண்டி எடுத்தோம். வி.ஏ.ஓ. கிட்ட இருந்த படத்தோட ஒத்துப் பாத்தோம், சரியா இருந்துச்சு. கயிறு பிடிச்சு, கல்லுல இருந்து நேரா புது வரப்பு போட்டேன். ஆச்சி வந்து பாத்தா. வேண்டாம்னும் சொல்லல, நல்லதுன்னும் சொல்லல. கல்லு மேல இருந்த சேத்தைக் கையால துடைச்சுட்டுப் போனா. நெல்லு விஷயத்துல கடைசி வரைக்கும் பிடி குடுக்கல. அவ வயல் மணலை என் செலவுல அள்ளிப் போட மட்டும் சம்மதிச்சா. 2,000 கிலோவுக்கு அது எந்த மூலைக்கு? விடுங்க, மறுபடியும் கணக்கு.

இப்போ அவ வயலை நான்தான் குத்தகைக்குப் பாக்கேன், அவளே கேட்டா. போன பிசானத்துக்கு அண்டை வெட்டும்போது மம்பட்டி அவ பக்கமா ரெண்டு விரக்கடை தானா இறங்கிட்டு. ரெண்டு பக்கமும் நானே பயிர் வச்சும்! பழகுன கை. வெட்டுன இடத்துல சேத்தை அள்ளித் திரும்ப வச்சு மெழுகினேன். ஆச்சி வரப்பு மேல தட்டாம்பயறு ஊன்றிக்கிட்டே பின்னால வந்தா.

"நல்லா அழுத்தி வைலே, நண்டு பொத்துரும்"னா.