இடையில் இருக்கும் காற்று

தொலைவிலுள்ள பறவையைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தும் ஜூம் லென்ஸ் ஒன்றைப் பெரும் பொருட்செலவில் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் சாமளாபுரம் குளக்கரைக்கு வந்து சேரும் எங்கள் சோமனூர் இளைஞர்கள், எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தவுடன் அடையும் மனக்கிலேசம் பெரும்பாலும் ஒரே தன்மையது: மீன்கொத்தியின் அலகு தெரிகிறது, நீலம் தெரிகிறது, இறகின் இழை மட்டும் தெரியவில்லை. உடனே லென்ஸின்மேல் சந்தேகம் பிறந்து, இதைவிட நீளமானதும் விலையுயர்ந்ததுமான வேறொன்றே பரிகாரம் என்ற தீர்மானமும் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. கடைக்காரருக்கு அநுகூலமான தீர்மானம் என்பதற்குமேல் அதில் சாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கணக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வால் நுனிவரை சுமார் 17 சென்டிமீட்டர் நீளமுள்ள பஞ்சுருட்டான் ஒன்று 20 மீட்டர் தூரத்து மின்கம்பியில் பக்கவாட்டில் அமர்ந்திருக்க, அதை 400 மில்லிமீட்டர் லென்ஸால் பிடித்தால், 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்ஸாரில் அதன் பிம்பம் மூன்றரை மில்லிமீட்டர்கூட வருவதில்லை. அந்தச் சிறு துணுக்கை வெட்டிப் பெருக்கும்போது பறவையோடு கையின் நடுக்கமும் சேர்ந்தே பெருகுகிறது. அதே பறவை 10 மீட்டருக்கு வந்துவிட்டாலோ, பிம்பம் நீளத்தில் இரு மடங்கும் பரப்பில் நான்கு மடங்கும் ஆகிவிடுகிறது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

தூரத்தால் விளையும் இன்னொரு தீங்கைப் பலர் கவனிப்பதில்லை. வெயில் ஏறிய பிறகு பல்லடம் சாலையின் தார்மீது தண்ணீர் தேங்கியதுபோல் கானல் மினுங்குவதை யாவரும் பார்த்திருப்போம். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று, அடர்த்தி மாறி மாறி ஒளியை வளைத்து நெளியச் செய்கிறது. லென்ஸ் எவ்வளவு சிரேஷ்டமானதாயினும், எத்தனை உறுதியான முக்காலியில் அது நின்றாலும், அந்த நெளிவையும் சேர்த்தே படம் பிடிக்கும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்குமேல் கரையில் நிற்பது வீண் பிரயாசை. ஏ.சி. ஓடிய காரின் கண்ணாடியை இறக்கியவுடன் படமெடுப்பவருக்கும் இதே கதிதான்: உள்ளும் வெளியும் வெவ்வேறு உஷ்ணத்திலிருக்கும் காற்று ஜன்னலிலேயே கலந்து சுழல்கிறது.

நடுக்கத்தைப் பற்றிச் சோமனூர்க்காரன் தனியாகச் சொல்லவேண்டும். தறிக்குடோனின் மொட்டைமாடியில் முக்காலியை நிறுத்தி, எதிர்த் தோட்டத்துப் புள்ளி ஆந்தையைக் குறிவைப்பது இங்கே ஒரு பழக்கம். கீழே தறிகள் ஓடும்போது கைப்பிடிச் சுவரில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தால், அதன் பரப்பில் ஓயாமல் சிற்றலை எழுவதைக் காணலாம். முக்காலியின் கால்கள் நிற்பதும் அதே கட்டடத்தின்மேல்தான். முக்காலியை ஒதுக்கிவிட்டு, வேஸ்ட் நூல் அடைத்த பையின்மேல் லென்ஸைக் கிடத்தினால் அதிர்வு ஓரளவு அடங்கும். கரண்ட் போய்த் தறிகள் நிற்கும் வேளை இன்னும் உத்தமம். ஊரே வாரியத்தைச் சபிக்கும் அந்நேரத்தில் புகைப்படக்காரர் ஒருவர்தான் சந்தோஷமாக இருப்பார். 400 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஷட்டர் வேகம் வினாடியில் 400இல் ஒரு பங்கு என்ற பழைய விதி கை நடுக்கத்துக்கு உரியதே தவிர, ஓயாமல் தலையைத் திருப்பும் பறவைக்கு 1000இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்காக ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் மணல்மணலாகப் புள்ளி விழுமே என்று அஞ்சுகிறார்கள். புள்ளி விழுந்த படத்தை ஒருவாறு திருத்திக்கொள்ளலாம், அசைந்த படத்தை எந்த யுக்தியாலும் மீட்க முடியாது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912–1996) இந்த இயந்திர மோகத்துக்கு நல்ல மாற்று. பல காமிராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்டு, ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டிய ஒரு விசித்திரக் கருவியைச் சுமந்து அவர் காடுகளில் திரிந்தார். கறுப்பு வெள்ளையை விட்டு அவர் மனம் அகலவில்லை. முதுமலையில் சவாரி யானையின்மேல் அமர்ந்து காட்டு விலங்குகளை அணுகியதும் உண்டு. ஸ்திரமான பீடம் என்று யானை முதுகை யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் மனிதனைக் கண்டு ஓடும் மிருகம் யானையைக் கண்டு ஓடுவதில்லை. கருவியின் குறையை அண்மை ஈடுசெய்துவிடும் என்ற சூட்சுமம் அவருக்குக் கைவந்திருந்தது.

குளக்கரையில் ஒரு தம்பி, “அப்ப லென்ஸ் மாத்த வேண்டாமுங்களாண்ணா?” என்று என்னைக் கேட்டார். அவர் நின்றிருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கிளுவை வேலியை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த பட்டுப்போன கொம்பைக் காட்டினேன். அதன் அடியில் வெள்ளை எச்சம் வழிந்து காய்ந்திருந்தது. உதிர்ந்த நண்டு ஓடுகளும் கிடந்தன. மீன்கொத்தி தினந்தோறும் இரையோடு திரும்பும் ஆசனம் அது. காலையில் வெயில் முதுகில் படும்படி கிழக்கே, வேலிக்குள் தாழ்வாக, பறவை வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடவேண்டும். அது வந்தபின் நாம் எழுந்து நகர்ந்தால் காரியம் கெட்டது. குவியத்தைக் கண்ணின்மேல் வைத்துவிட்டால், வால் சற்று மங்கினாலும் பார்ப்பவர் மன்னிப்பார். கூடு கட்டியிருக்கும் இடத்தில் மட்டும் இந்த வித்தை ஆகாது. தாய்ப்பறவை வெளியே தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் குஞ்சின் பசியில் போய் முடியும்.

2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் இந்த அண்மைக்கு வழி குறைவு. அங்கே நீர்ப்பரப்பு விசாலமானது, பறவைகள் நடுவில். நீளமான லென்ஸுக்கு அங்கேதான் உண்மையான வேலை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், விடியலில் போனால்.