எங்க ஜோன் அப்படி

2025 ஏப்ரல் மாதத்தில் ஒரு சாயங்காலம், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு அரை கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தான். அன்று அவனிடம் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக இதை எழுதுகிறேன்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் நான் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேறு ஆள். மாவட்ட லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் ஆடும் கிரிக்கெட் டீமுக்குப் பத்தொன்பது வருஷமாக நான்தான் கேப்டன், நான்தான் செக்ரட்டரி. 2023-24 சீசனில் அந்த டீம் ஒரு டிவிஷன் கீழே இறங்கியது. ஏன் இறங்கினீர்கள் என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன்: "எங்க ஜோன் அப்படி."

கீழ் டிவிஷன்களில் டீம்கள் அதிகம். எல்லோரும் எல்லோரோடும் ஆட ஞாயிறுகள் போதாது. அதனால் ஒரே டிவிஷனை இரண்டு ஜோனாகப் பிரித்துவிடுவார்கள். எங்கள் ஜோனில் பன்னிரண்டு டீம். அதில் மூன்று பெரிய டீம்கள். ஒன்றில் மேல் டிவிஷனில் ஆடிப் பழகியவர்கள் நாலு பேர். இன்னொன்று முழுக்கக் கல்லூரிப் பையன்கள். மூன்றாவது டீமுக்குச் சொந்தமாக நெட், சொந்தமாகக் கோச். பக்கத்து ஜோனில் அப்படி ஒரு டீம்கூடக் கிடையாது. எந்த ஜோனிலும் கடைசி இரண்டு டீம் கீழே இறங்க வேண்டும். நாங்கள் அந்த ஜோனில் இருந்திருந்தால் நடுவில் எங்கேயாவது நின்றிருப்போம் என்று நம்பினேன். இன்றைக்கும் அது தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பேச்சு எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. அப்பா ஆவடி டாங்க் ஃபாக்டரியில் இருந்தவர், ரேடியோவில் ரஞ்சி கேட்டு வளர்ந்தவர். அப்போது ரஞ்சி டிராபியே மண்டலவாரியாகத்தான் நடந்தது. தென் மண்டலத்தில் தமிழ்நாடு கர்நாடகத்தையும் ஹைதராபாத்தையும் தாண்டித்தான் மேலே போக வேண்டும். அப்படித் தாண்டிப் போனாலும் பம்பாய் நிற்கும். 1967-68, 1972-73 இரண்டு இறுதி ஆட்டங்களிலும் பம்பாயிடம் தோற்றோம். 1954-55இல் வாங்கிய கோப்பைக்குப் பிறகு அடுத்தது வரவே முப்பத்து மூன்று வருஷம் ஆனது. "நம்ம மண்டலம் அப்படிடா" என்று அப்பா சொல்லும்போது அதில் ஒரு ஆறுதல் இருக்கும். அந்த ஆறுதலை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். 1987-88இல் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு சேப்பாக்கத்தில் 709 ரன் குவித்து ரயில்வேயை இன்னிங்ஸ் கணக்கில் வென்று கோப்பை வாங்கியபோது, தென் மண்டலம் லேசாகிவிடவில்லை. அதற்கு முந்தைய வருஷம் கோப்பை வாங்கியதே ஹைதராபாத்தான். அந்த ஆட்டத்தை ரேடியோவில் அப்பாவோடு சேர்ந்து கேட்டவன் நான். அந்தப் பாதி மட்டும் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

டீம் இறங்கிய பிறகு, என் பதிலுக்கு வலுச் சேர்க்க ஆதாரம் தேட ஆரம்பித்தேன். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனன் பேஸ்பால் பைத்தியம். அங்கே 30 அணிகளை ஐந்து ஐந்தாக ஆறு டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள். 2015இல் நேஷனல் லீகின் மத்திய டிவிஷனில் செயின்ட் லூயிஸ் 100 வெற்றி, பிட்ஸ்பர்க் 98, சிகாகோ கப்ஸ் 97. அந்த வருஷம் முப்பது அணிகளிலும் அதிகம் ஜெயித்த முதல் மூன்று அணிகள் அவைதான், மூன்றும் ஒரே டிவிஷனில். பிட்ஸ்பர்க் 98 ஜெயித்தும் ஒற்றை நாக்-அவுட் ஆட்டத்தில் கப்ஸிடம் தோற்று வீட்டுக்குப் போனது. மொத்தம் 162 ஆட்டத்தில் 76 ஆட்டங்களை அன்றைக்குச் சொந்த டிவிஷனுக்குள்ளேயே ஆட வேண்டும். இது சமமில்லை என்று பட்டுத்தான் 2023இல் அதை 52 ஆகக் குறைத்தார்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்து, டீக்கடையிலும் கிரவுண்டிலும் பிட்ஸ்பர்க் கதையைச் சொன்னேன். அதே டிவிஷனில் சின்சினாட்டி 98 ஆட்டம் தோற்றதை மைத்துனன் சொல்லியிருந்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இனி அந்தப் பையன். பட்டாபிராமிலிருந்து சைக்கிளில் வருவான். இடது கை ஸ்பின்னர், பேட்டும் பிடிப்பான். பதினாறு வயதில் எங்களிடம் வந்தான். காலையில் மேட் விரித்து ஆணி அடிப்பதிலிருந்து சாயங்காலம் சுருட்டி வண்டியில் ஏற்றுவது வரை எல்லாம் செய்வான். ஒன்பதாம் ஆளாகத்தான் பேட்டிங் கொடுத்தேன். அவனிடம் பந்தைக் கொடுக்கலாம் என்று கீப்பர் சொல்லும்போதெல்லாம் "இந்த ஜோன்ல சின்னப் பையனைப் போட்டா பிரிச்சிடுவானுங்க" என்பேன். டீம் இறங்கியதும் அவன் பக்கத்து ஜோனில் ஒரு டீமுக்குப் போய்விட்டான். 2024-25இல் அந்த டீம் மேலே ஏறியது. அவர்களில் அதிக விக்கெட் எடுத்தவன் அவன்.

அதற்குத்தான் மைசூர்பாகு. முதலில் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான். டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றவனிடம் சொன்னேன்:

"அந்த ஜோன்ல யார் போட்டாலும் விக்கெட் விழும்டா."

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும் பேச்சை மாற்றவில்லை. "சரிண்ணா, வரேன்" என்று டப்பாவை டீப்பாயில் வைத்துவிட்டுப் போனான். என் மனைவி உள்ளேயிருந்து டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தபோது வாசலில் செருப்பு இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல் இல்லை. நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மே மாதக் கடைசியில் ஐ.பி.எல். லீக் ஆட்டங்கள் முடிந்தன. சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டத்தில் 4 வெற்றி, 10 தோல்வி, வரலாற்றில் முதல்முறையாகப் பட்டியலில் கடைசி. சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் நமக்கு. பெங்களூரு 2008க்குப் பிறகு முதல்முறையாக அங்கே நம்மை ஜெயித்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் ஆடி 103. அதை அவர்கள் 10.1 ஓவரில் அடித்துவிட்டுப் போனார்கள். மெஷின் ஷாப்பில் டீ நேரத்தில் பையன்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது நான் என் பழைய பதிலை எடுத்தேன். பத்து அணிகளும் இரண்டு குரூப். சொந்த குரூப்பில் இருக்கும் நாலு அணிகளோடு இரண்டிரண்டு தடவை, அடுத்த குரூப்பில் ஒரு அணியோடு இரண்டு தடவை, மற்ற நாலு அணிகளோடு ஒரே ஒரு தடவை. நம் குரூப்பில் பஞ்சாப், பெங்களூரு. பட்டியலில் முதல் இரண்டு இடமும் அவர்களுக்குத்தான். "நம்ம குரூப் அப்படிப்பா" என்றேன்.

சி.என்.சி. ஓட்டும் ஒரு பையன் ஜாப் கார்டைத் திருப்பிப்போட்டுப் பட்டியலை எழுதினான். முதல் இடம், இரண்டாம் இடம் நம் குரூப். மூன்றிலிருந்து ஏழு வரை அடுத்த குரூப். எட்டாவது கொல்கத்தா, ஒன்பதாவது ராஜஸ்தான், பத்தாவது நாம். அந்த மூன்றும் நம் குரூப்.

"கொல்கத்தா, ராஜஸ்தான் ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து நாலு மேட்ச் சார். ஒண்ணுதான் ஜெயிச்சோம். அடிச்சிருக்க வேண்டிய மேட்சும் நம்ம குரூப்லதானே சார் இருந்துச்சு?"

அவன் சென்னை அணியைப் பற்றித்தான் கேட்டான். எனக்கு அடிவயிற்றில் ஏதோ இறங்கியது.

வீட்டுக்குப் போனதும் பீரோ மேலிருந்து 2023-24 ஸ்கோர் புக்கை இறக்கினேன். டீம் இறங்கியதிலிருந்து அதைத் திறக்கவில்லை. மொத்தம் 11 ஆட்டம். அந்த மூன்று பெரிய டீம்களை ஒதுக்கி வைத்தேன். அவற்றிடம் யாராக இருந்தாலும் தோற்றிருப்பார்கள். மீதி எட்டு. அதில் ஜெயித்தது இரண்டு, தோற்றது ஆறு. இன்னும் மூன்று ஜெயித்திருந்தால் நாங்கள் இறங்கியிருக்க மாட்டோம். அந்த ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இரண்டு ஆட்டத்தில் எங்கள் பக்கம் ஒன்பது பெயர்தான் எழுதியிருந்தது. எங்கள் ஆட்கள் ஷிஃப்டில் வேலை செய்பவர்கள். வியாழக்கிழமையே போன் செய்து கேட்டால்தான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருவார்கள். அந்த வேலை செக்ரட்டரியுடையது. நான் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். மூன்றாவது ஆட்டத்தில் நாலு ரன்னில் தோற்றோம். நாலாம் ஆளாக இறங்கிய என் பெயருக்கு நேராக 61 பந்தில் 19 ரன். கட்டத்துக்குக் கட்டம் புள்ளி. நாற்பத்தைந்து வயதில் நாலாம் இடத்தில் இறங்க எனக்கு இருந்த ஒரே தகுதி, லிஸ்ட்டை நானே எழுதினேன் என்பதுதான். மற்ற மூன்று ஆட்டங்களிலும் எதிரணியின் கடைசி விக்கெட்டுகள் விழாமல் ஆட்டம் கையைவிட்டுப் போயிருக்கிறது. மூன்றிலும் பந்து வீச்சுப் பக்கத்தில் அந்தப் பையன் பெயருக்கு நேரே இரண்டு ஓவர், ஒரு ஓவர், ஒன்றுமில்லை.

ஆறு தோல்வியிலும் என் கையெழுத்து இருந்தது. ஸ்கோர் புக்கின் அடியில் கேப்டன் போடும் கையெழுத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரிய டீம்களிடம் தோற்றதை நான் சீசன் முழுக்கப் பேசினேன். அவை மூன்றே ஆட்டம். மற்ற எட்டையும் மறைக்க அந்த மூன்றையும் திரையாகத் தொங்கவிட்டிருந்தேன். எதிரே நிற்பவன் பலசாலி என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தத் தட்டலுக்கு நான் பழகிப்போனேன். என்னை விட்டுப் போனவன் நன்றாக ஆடிவிட்டால் திரை கிழிந்துவிடும். அதனால்தான் அவன் எடுத்த விக்கெட்டுகளை அந்த ஜோனின் கணக்கில் எழுதப் பார்த்தேன். பதினாறு வயதிலிருந்து எனக்கு மேட் சுமந்தவனிடம் அப்படிப் பேசினேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போனேன். அவர்கள் டீம் நெட் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தது. இடைவேளையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்கோர் புக்கில் பார்த்ததைச் சொன்னேன். உன்னைப் போட்டிருந்தால் அந்த மூன்று ஆட்டத்தில் ஒன்றாவது வந்திருக்கும் என்றேன். அன்றைக்கு வீட்டில் பேசியது தப்பு, மன்னிச்சிடுப்பா என்றேன். அப்படி ஒரு வார்த்தையை என் வயதில் பாதிகூட ஆகாதவனிடம் நான் சொன்னது அதுதான் முதல்முறை.

அவன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்:

"நீங்க சொன்னது உண்மைதான்ணா. எங்க ஜோன் ஈசிதான். எனக்கே தெரியும். அடுத்த டிவிஷன்ல இந்தப் பந்து எடுபடாதுன்னு கோச் சொல்லியிருக்காரு. அதான் காலையிலேயே வந்து போட்டுக்கிட்டு இருக்கேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் இரண்டு வருஷமாகச் சாக்காகச் சொல்லிப் படுத்துக்கொண்ட அதே உண்மையைக் கேட்டுத்தான் அவன் விடியற்காலையில் எழுந்து வந்திருக்கிறான்.

"அன்னைக்கு ஒரு வார்த்தை, நல்லா போட்டியாமேன்னு கேட்டிருக்கலாம்ணா" என்றான். அவ்வளவுதான் அவன் குறை. சொல்லிவிட்டு நெட்டுக்குப் போனான்.

நல்லா போட்டியாமே என்று இப்போது கேட்டால் அது ஏப்ரலில் கேட்டது ஆகாது. வேலிக்கு வெளியே நின்று அவன் போடுவதைப் பார்த்தேன். ஆறு பந்தில் ஒன்று மேட்டில் பட்டு நன்றாகத் திரும்பியது. மற்ற ஐந்தும் நேராகப் போயின. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தான்.

இந்த சீசனுக்கு லிஸ்ட் எழுதும் வேலையைக் கீப்பரிடம் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்யும் வேலையை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.